மாவு மில் ரெக்கார்ட்ஸ், முதல் தட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

மில்லைக் கழுவினோம். நண்பன் தணிகையின் அப்பா போன பிறகு மூடிக் கிடந்த மாவு மில். இயந்திரங்களை விற்றாயிற்று, வாசனையை விற்க முடியவில்லை. அரிசி அரைத்த கூடத்தில் வாத்தியங்கள். மிளகாய் அரைத்த சின்ன அறையில் பாடுபவர், ஏனென்றால் அதற்குத்தான் ஜன்னல் இல்லை.

அமெரிக்காவில், மெம்பிஸில், ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனி ஒரு பழைய சினிமா கொட்டகையில் இயங்கியது. தரை திரையை நோக்கிச் சரிந்திருந்தது, அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சரிவுதான் பாட்டுக்கு அந்தக் கனத்தைக் கொடுத்தது என்பார்கள். டெட்ராய்ட்டில் மோடவுன், ஒரு சாதாரண வீடு. கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையின் வரலாறு இப்படிப்பட்ட இடங்களின் வரலாறு. இதைத்தான் என் ஆய்வேட்டில் எழுதுகிறேன். மூன்று இயல் முடிந்தது. நான்காவது ஒன்றரை வருடமாக நிற்கிறது.

தணிகைக்குச் சொன்னேன். துடைப்பத்தைக் கீழே வைக்காமல் கேட்டான்.

“அது சரி. நம்ம அயனாவரம் மாவு மில்லுக்கு யாருடா பாடப் போறா?”

தெரியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மாவின் தொந்தரவு தாங்காமல் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன். மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைக்கவில்லை. பிரசங்கம் நீளம்.

காணிக்கை எடுக்கும்போது பாடகர் குழுவிலிருந்து ஒருத்தி தனியாகப் பாடினாள். ஆர்கன் இல்லை, கைத்தாளம் மட்டும்.

*மூச்சைப் பிடி என்றீர், பிடித்தேன்.*
*விடு என்று சொல்ல மறந்தீரோ, ஆண்டவரே.*

இரண்டாவது வரியில் குரலை உடைத்து, உடைந்த இடத்திலேயே நின்றாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. நான் ஐந்து வருடமாக நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தது மூன்றாவது பெஞ்சுக்கு முன்னால் நின்றது.

அம்மாவிடம் கேட்டேன். “நம்ம ராஜமணி பொண்ணுடா, ஹெப்சிபா. எக்ஸ்ரே எடுக்கிறா, ஸ்கேன் சென்டர்ல. நீ கோயிலுக்கு வந்தாத்தானே தெரியும்.”

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்கேன் சென்டர் வாசலில் காத்திருந்து ஹெப்சிபாவைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்துகொண்டே பேசினாள்.

“அந்தப் பாட்டு யாருடையது?”

“ஆண்டவர் குடுத்ததுண்ணா.”

எங்கள் சபையில் யாரும் ‘நான் எழுதினேன்’ என்று சொல்வதில்லை. கர்வம் என்று நினைப்பார்கள். ஆண்டவர் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் போடப்போகும் இசைத்தட்டைப் பற்றியும் சோல் பற்றியும் சொன்னேன். அந்தப் பாடகர்கள் எல்லாம் தேவாலயத்தில் வளர்ந்தவர்கள். அதே மெட்டை வெளியே கொண்டுவந்தபோது ஆண்டவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காதலியை வைத்தார்கள். ஒரு சொல்தான் மாற்றம். சபை கோபித்துக்கொண்டது, உலகம் கேட்டது.

“அப்போ ஆண்டவரே வர்ற எடத்துல?”

“அன்பே.”

சிரித்துவிட்டாள். “அன்பேக்கு ‘மறந்தீரோ’ன்னு மரியாதையா வருமா?”

“மறந்தாயோ.”

கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு கேட்டாள்.

“போன வருஷம் பேராயத்து வாலிபர் விழாவில இதே பாட்டு பாடினோம். விழா மலர்ல ‘பாடகர் குழு’ன்னு போட்டுட்டாங்க. எங்கப்பா அந்தப் பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. உங்க தட்டுல என் பேர் வருமா? பாடினதுக்கு மட்டும் இல்லண்ணா. பாட்டுன்னு.”

“வராமலா.”

“அப்ப பாடறேன்.”

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய், “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க” என்று ஒரு தாத்தாவுக்குச் சொல்வது கேட்டது. அதை இங்கே ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

டிரம்மர் வரவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

டிரம்மர் வந்தான். மின்சாரம் போயிற்று.

ஆகஸ்ட் 30, சனி

முதல் ஒலிப்பதிவு. மிளகாய் அறைக்குள் போனதும் ஹெப்சிக்குத் தும்மல். சுவரைக் கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம், ஊதுவத்தி கொளுத்தினோம், பிறகு ஊதுவத்திக்கும் தும்மினாள். ‘மூச்சைப் பிடி’ என்று தொடங்குவாள், ‘பிடித்தேன்’ வருவதற்குள் தும்மல்.

“எத்தன வருஷம்டா உங்கப்பா மிளகா அரச்சாரு?” என்றேன்.

“பாட்டு நல்லா காரமா வரும், விடு,” என்றான் தணிகை.

ஹெப்சி முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ஒரு மணி நேரம் போனது. சிரிப்பு எனக்கு வரவில்லை. வாடகைக்கு எடுத்த மைக், மாலைக்குள் திருப்ப வேண்டும்.

கடைசியில் அவளை அரிசிக் கூடத்திலேயே நிறுத்தினோம், கிதாருக்கும் டிரம்முக்கும் நடுவில். எல்லாச் சத்தமும் எல்லா மைக்கிலும் ஏறியது. தவறு. ஆனால் கேட்டால் தவறு மாதிரி இல்லை.

‘மறந்தாயோ, அன்பே’. ‘அன்பே’ வரும்போது மட்டும் குரல் ஒரு நூல் பின்வாங்குகிறது. மறுபடி பாடச் சொன்னேன். மறுபடியும் அதே. நாலு தடவை சொன்ன பிறகு ஹெப்சி கேட்டாள்: “அந்த வார்த்த என் வாயில உக்கார மாட்டேங்குதுண்ணா. நான் என்ன பண்ண?”

அந்தப் பின்வாங்கலையே வைத்துக்கொண்டோம்.

செப்டம்பர் 3, புதன்

டெட்ராய்ட் மோடவுனில் வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் போட்டு, எந்தப் பாட்டு வெளிவர வேண்டும் என்று ஓட்டெடுப்பார்கள். நாங்கள் முனை டீக்கடையில் ஒலிக்கவிட்டோம்.

டீ மாஸ்டர்: “சர்ச் பாட்டா?”

ஆட்டோக்காரர்: “கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கெடக்கே.”

‘அன்பே’ என்று அவ்வளவு தெளிவாக வருகிறது. ஒருத்தர் காதிலும் விழவில்லை. எரிச்சலாக இருந்தது. டீ மாஸ்டர் இன்னொரு தடவை போடச் சொன்னார் என்பதை நியாயத்துக்காக எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆய்வு வழிகாட்டி மேடத்திடமிருந்து செய்தி. “இயல் நான்கு?”

பதில் போடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

நடுவட்ட லேபிளின் வடிவத்தை மும்பைத் தொழிற்சாலைக்கு இன்று மதியத்துக்குள் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் நம் முறை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். தணிகை ஊரில் இல்லை. நானே செய்தேன்.

இடம் மிகக் குறைவு. நடுவில் ஓட்டை வேறு. மேலே கம்பெனி பெயர். கீழே பாட்டின் பெயர், பாடியவர், பாட்டு-இசை. மூன்று வரிக்கு மேல் போனால் எழுத்து எறும்பாகிவிடுகிறது. ஒரே பெயர் இரண்டு வரியில் வந்தால் அழகாகவும் இல்லை.

பார்த்தால், சொல் மாற்றம் என்னுடையது. ‘மறந்தாயோ’ என்னுடையது. கூடத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தப் பின்வாங்கலை வைத்துக்கொள்ளலாம் என்றதும் நான்தான். ஆண்டவர் கொடுத்தது என்று அவளே சொன்னாள்.

அனுப்பியாயிற்று. தலைவலி. அம்மா சுக்குக் கஷாயம் வைத்தாள்.

செப்டம்பர் 13, சனி

ஆச்சரியம். இயல் நான்கு நகர்கிறது. காலையிலிருந்து பன்னிரண்டு பக்கம்.

சின்னக் கம்பெனிகள் பெரிய கம்பெனிகளை விட நேர்மையானவை என்ற கதையை உடைக்கும் இயல் இது. பாட்டை எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் முதலாளியின் பெயர் வந்து உட்காரும். சில நேரம் முதலாளி கூச்சப்பட்டுப் புனைபெயரில் உட்காருவார். பாட்டை ஒலிபரப்பினால் வானொலி அறிவிப்பாளர் பெயரும் சேரும். கடைசியில் எழுதியவர் பெயரே இல்லாமல் போகும். பாடியவர் பெயர் மட்டும் பெரிதாக, பூமாலை மாதிரி.

எழுத எழுதக் கோபம் ஏறியது. “அவர்கள் யாரும் தங்களைத் திருடர்களாக நினைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் ஆய்வுக்குரியது” என்று ஒரு வாக்கியம் வந்தது. நல்ல வாக்கியம். அடிக்கோடிட்டேன்.

செப்டம்பர் 20, சனி

ஹெப்சி தொலைபேசியில். தட்டு எப்போது வரும், அப்பா கேட்கிறார். அக்டோபர் என்றேன். லேபிள் அனுப்பியாச்சா, படம் இருந்தால் அப்பாவுக்குக் காட்டலாமே என்றாள். கோப்பு தணிகையிடம் இருக்கிறது என்றேன்.

பொதுவாக இந்த நேரத்தில் யாரும் தொழிற்சாலைக்கு எதையும் திருத்தி அனுப்ப முடியாது.

அக்டோபர் 6, திங்கள்

தொழிற்சாலை: தாமதம். இயந்திரக் கோளாறு. மும்பையில் மழை.

அக்டோபர் 15, புதன்

தொழிற்சாலை: தாமதம். தீபாவளி விடுமுறை. இன்னும் தீபாவளியே வரவில்லை.

அக்டோபர் 29, புதன்

பெட்டிகள் வந்தன. மழையில் ஒரு பெட்டி நனைந்து, உறைகள் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. மற்றவை நன்றாக இருக்கின்றன. கறுப்பு, கனம், ஓரத்தில் மெல்லிய பளபளப்பு. முதல் தட்டு. முப்பத்தொரு வயதில் முதல் முறையாக என் கையில் முடிந்த பொருள் ஒன்று.

தணிகை ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தான். ஓட்டினான். முழுக்கக் கேட்டான். பிறகு தட்டை எடுத்து லேபிளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“டேய்.”

“என்ன?”

“இது என்னடா?”

“இடம் இல்லடா. வடிவமைப்புப் பிரச்சினை.”

“உன் பேருக்கு எடம் இருந்துச்சா?”

நனைந்த பெட்டியை வெயிலில் வைக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்தேன். வெயில் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

தணிகை பேசவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. அவனுக்கு எப்போதும் இப்படித்தான், எதையும் மனசில் வைத்துக்கொள்வான்.

ஹெப்சிக்கு இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் சபையில் அறுப்பின் பண்டிகை, அவளுக்கு ஒத்திகை இருக்கும். தொந்தரவு செய்ய வேண்டாம்.

நவம்பர் 9, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை.

வெளியூர்க்காரன் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்று எழுதுகிறேன். வயல் இல்லாத சபை எங்களுடையது, ஆனாலும் அறுப்பு உண்டு. ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் பந்தல். வாழைத்தார், பூசணி, நாட்டுக்கோழி, கேக், மீன்குழம்பு என்று அவரவர் கொண்டுவந்து வைப்பார்கள். எல்லாம் ஏலம். ஏலத்தில் எடுத்தவர் பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். “திரும்ப விடுங்க” என்று கொடுத்துவிடுவார். அதே பூசணி மறுபடி ஏலத்துக்கு வரும். ஒவ்வொரு தடவையும் பொருள் என்ன, கொடுத்தவர் யார் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். சின்ன வயதில் ஒரே கோழி ஆறு முறை விற்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஏலம் விடுபவர் தேவசகாயம் அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலுக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் பிடித்துக்கொள்வார்.

எலுமிச்சை மூட்டைக்குப் பிறகு அவர் கையில் சதுரமான ஒன்று. எனக்கு அடையாளம் தெரிவதற்கு ஒரு கணம் ஆனது. பக்கத்தில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நீ வீட்டுக்குக் கொண்டாந்த பெட்டியிலேர்ந்து ஒண்ணு எடுத்தேன்,” என்றாள். “முதல் பலன ஆண்டவருக்குக் குடுக்கணும். நீ குடுக்க மாட்ட.”

அங்கிள் உறையைப் பிரித்தார். “இது என்னம்மா, தோசக்கல்லா?”

சிரிப்பு.

“பாட்டுத் தட்டு. எம் பையன் கம்பெனி,” என்று அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவள் அதைப் படித்திருக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு அந்த எழுத்து தெரியாது.

அங்கிள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “மாவு மில் ரெக்கார்ட்ஸ். ‘மூச்சைப் பிடி’. பாடியவர் நம்ம ஹெப்சிபா. பாட்டு, இசை… ஜோயல் சந்திரகுமார். அடேயப்பா, நம்ம ஜோயலா?”

கைதட்டினார்கள். கைதட்டல் பாடகர் குழு உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனதும் நின்றது. அங்கே ஒரு அக்கா, ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு: “அது ஹெப்சி பாட்டாச்சே.”

கேக் கடை வைத்திருக்கும் ஒருவர் முதலில் எடுத்தார். “திரும்ப விடுங்க.”

அங்கிளுக்குச் சங்கடம். மறுபடி படிக்க வேண்டும். “மாவு மில் ரெக்கார்ட்ஸ். மூச்சைப் பிடி. பாடியவர் ஹெப்சிபா. பாட்டு…” என்று நிறுத்தி, என் பக்கம் பார்த்தார். எல்லோரும் என் பக்கம் பார்த்தார்கள். நான் பூசணியைப் பார்த்தேன்.

ஹெப்சியின் அப்பா எழுந்து நின்றார். நின்றார். அவ்வளவுதான்.

ஹெப்சி நடந்து வந்தாள். அங்கிளிடமிருந்து தட்டை வாங்கி லேபிளைப் பார்த்தாள், ஓர் எலும்பைப் படத்தில் பார்ப்பதுபோல, சாய்த்து. பிறகு மைக்கைக் கையில் எடுத்தாள்.

“நான் படிக்கிறேன், அங்கிள். பாட்டு, இசை, ஹெப்சிபா ராஜமணி.” தட்டைத் தாழ்த்தினாள். “ஆண்டவர் குடுத்தாருன்னுதான் எப்பவும் சொல்லுவேன். இன்னைக்கு எழுதினேன்னு சொல்றேன், ஐயர் மன்னிக்கணும். இதுல ‘அன்பே’ன்னு ஒரு வார்த்த வரும். அது மட்டும் ஜோயல் அண்ணாது.”

முதலில் வாலிபர் பெஞ்சில் சிரித்தார்கள். பிறகு பந்தல் முழுக்க. எங்கள் போதகர் ஐயரும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். கெட்ட சிரிப்பு இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

“யாரு கேக்கறது?” என்றார் அங்கிள், அவசரமாக.

அம்மா கையைத் தூக்கினாள். வேறு யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. போய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

“திரும்ப விடலாமா, அக்கா?”

“வேணாம்.”

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். தட்டு அம்மாவின் மடியில் இருந்தது. வீட்டுக்கு வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அதை ஒரு முறை படித்துவிட்டு, சோறு போட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

எதுவும் எழுதவில்லை. இயல் நான்கை மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். எப்படியும் முடிந்து கிடந்தது.

நவம்பர் 13, வியாழன்

தணிகை தொலைபேசியில் பேசினான். பதினைந்து நாள் கழித்து ஒரே வாக்கியம். “ஸ்டிக்கர் அடிச்சாச்சு, சனிக்கிழம வந்து ஒட்டு.”

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. என்னைக் கேட்டு அடித்திருக்கலாம். கம்பெனியில் பாதி என்னுடையது.

நவம்பர் 15, சனி

மில்லில் ஹெப்சியும் இருந்தாள். எதிர்பார்க்கவில்லை. தரையில் பாய் விரித்து, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். இங்கே அவளுக்குத் தும்மல் வரவில்லை. பழகிவிட்டதோ என்னவோ.

“வாங்கண்ணா,” என்றாள். குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஸ்கேன் சென்டரில் டோக்கன் எண் கூப்பிடும் குரல்.

ஸ்டிக்கர் தாளைத் தணிகை நீட்டினான். சின்ன வெள்ளைப் பட்டை. அதில்:

பாட்டு, இசை: ஹெப்சிபா ராஜமணி
ஒரு சொல்: ஜோயல்

“அந்த ரெண்டாவது வரி எதுக்கு?” என்றேன்.

“நான்தான் போடச் சொன்னேன்,” என்றாள் ஹெப்சி. “எழுதினவங்க பேர் வரணும்ல?”

தணிகை இருமினான். அது இருமல் இல்லை.

ஒட்டத் தொடங்கினோம். ஒட்டுவது சுலபமில்லை. நடு ஓட்டையைத் தொடாமல், பழைய வரியைச் சரியாக மூடி, கோணாமல். என்னுடைய மூன்றாவது கோணியது. பிரித்து மறுபடி ஒட்டப் போனேன். லேபிள் தாளும் சேர்ந்து உரிந்தது, என் பெயரில் பாதி ஸ்டிக்கரின் பசையில், பாதி தட்டில்.

“கிழிக்காதீங்க. கோணலா இருந்தா பரவால்ல,” என்றாள் ஹெப்சி.

“ரெண்டாவது தட்டு?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பாட்டு இருக்கு. தணிகை அண்ணாகிட்ட பாடிக் காட்டினேன். லேபிள நானே அனுப்பறேன். அதுக்கப்புறம் பாக்கலாம்.”

“ஆண்டவரேவா, அன்பேவா?”

“அது உங்க கவல இல்லண்ணா.”

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் சத்தம், பேச முடியாத அளவுக்கு. அது ஓய்ந்தபோது என் தொலைபேசி அதிர்ந்தது. மேடம். இரண்டு முறை படித்தேன்.

“யாரு?” என்றான் தணிகை.

“மேடம். நாலாவது இயல் படிச்சிட்டாங்க.”

“என்னவாம்?”

“நல்லா இருக்காம். ஆனா எல்லாம் அமெரிக்காவா இருக்குன்னு சொல்றாங்க. நம்ம ஊர்லயிருந்து ஒரு உதாரணம் கெடைக்குமான்னு கேக்கறாங்க.”

ஹெப்சி இன்னொரு ஸ்டிக்கரை உரித்தாள்.

“குடேன்,” என்றான் தணிகை, தலையைத் தூக்காமல்.

ஹெப்சி அடுத்த பெட்டியைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.